மனைவியின் வயலுக்கு வந்த சட்டமூலம்

சட்டமூலம் வேறு, சட்டம் வேறு. இறைவரிச் சேவையில் இருந்த காலம் முழுவதும் இந்த வேறுபாட்டை என் மேசைக்கு முன்னால் அமர்ந்த வியாபாரிகளுக்கும் அவர்களுடைய கணக்காளர்களுக்கும் நான் சலிக்காமல் எடுத்துரைத்திருக்கிறேன். பாராளுமன்றத்தில் நிறைவேறி, சபாநாயகர் கையொப்பமிடும் வரை அது முன்மொழிவு மாத்திரமே. அதை நம்பி ஒருவர் கடையைத் திறக்கவும் கூடாது, மூடவும் கூடாது. ஓய்வு பெற்ற பின்னரும் இக்கொள்கையிலிருந்து நான் விலகியதில்லை. ஒரே ஒரு தடவை விலகினேன். களுவாஞ்சிக்குடியில் அதைப் பற்றிப் பலர் பலவிதமாகப் பேசிவிட்டார்கள். நடந்தது நடந்தபடி என் கையாலேயே எழுதப்படுவதுதான் முறை என்று கருதுகிறேன்.

அந்தச் சட்டமூலம் மூன்று காரியங்களை ஒன்றாகக் கட்டியிருந்தது. வரிகளைக் குறைப்பது, அனுமதிகளைத் தளர்த்துவது, நாட்டுக்கு வேண்டிய மின்சாரத்தை நாட்டுக்குள்ளேயே பெருக்குவது. சோலார் தகடுகளுக்கும் அவற்றோடு வரும் உபகரணங்களுக்கும் இறக்குமதி வரி நீங்கும். மின் உற்பத்திக்காகக் காணி கொடுப்பவரின் குத்தகை வருமானத்துக்கு வரி இராது. நெற்காணியை வேறு தேவைக்குப் பயன்படுத்த இப்போது பல அரசாங்கக் கந்தோர்களில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறதல்லவா? மின் உற்பத்தி என்றால் அந்த ஏறி இறங்கல் ஒரே விண்ணப்பமாகச் சுருங்கும். கடலில் எரிவாயு தேடுவது பற்றியும் காற்றாலைகள் பற்றியும் தனித்தனிப் பகுதிகள் இருந்தன.

செய்தி வந்த வாரம் சந்தையில் மீன் விலையைவிட அதைப் பற்றிய பேச்சே அதிகமாக இருந்தது. பெரியகல்லாற்றிலிருந்து மீன் கொண்டுவரும் ஒருவர், வாவிக்கு மேலே கண்ணாடி விரித்துவிட்டால் இறால் வெயிலுக்கு எங்கே போகும் என்று என்னிடம் கேட்டார். வாவி பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை என்று அவருக்கு உறுதியளித்தேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் நல்ல மீனாகப் பார்த்துத் தந்தார்.

கொழும்பில் இருக்கும் என் பழைய சகபாடி ஒருவர் சட்டமூலத்தின் தமிழ்ப் பிரதியை எனக்கு அனுப்பிவைத்தார். பென்சிலும் அகராதியுமாக அமர்ந்து அதை முழுமையாக வாசித்தேன். எனக்குப் பிடித்திருந்தது. இதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை; இன்றும் அதன் அடிப்படை நோக்கத்தை நான் ஆதரிக்கிறேன். மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் நாடு முழுவதும் வரிசையில் நின்ற காலத்தில் என் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. எனக்குப் பதிலாக என் மனைவி நின்றார். வெயிலில், தலையில் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, முன்னால் நின்ற பெண்ணோடு கதைத்துச் சிரித்தபடி நின்றார். நான் வீட்டு வாசலிலிருந்து பார்த்தேன். வெளியே டொலர் கொடுத்து வாங்கும் எண்ணெயை நம்பி ஒரு நாடு இருக்கக் கூடாது என்ற முடிவுக்கு அன்றுதான் வந்தேன். பொருளாதாரக் கட்டுரைகள் பின்னர் படித்தவை.

ஓய்வூதியர் சங்கத்தில் சட்டமூலத்தை விளக்கிப் பேசுமாறு கேட்டார்கள். குறிப்புகளோடு சென்று, நிரலாகப் பேசினேன். நல்ல கூட்டம். பேச்சு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். ஏறாவூரைச் சேர்ந்தவர், முன்பு இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர், ஒரு காலத்தில் என் மேசைக்கு முன்னாலும் அமர்ந்திருக்கிறார். இப்போது சோலார் நிறுவனம் ஒன்றுக்காகக் காணி பார்த்துக் கொடுப்பவர்.

“சேர், எல்லாரும் நல்லமெண்டுதான் சொல்றாங்க. முதல்ல இறங்கத்தான் ஆளில்ல,” என்றார். “சேர்ட வயலொண்டு படுவான்கரையில இரிக்காமே. சேர் ஓமெண்டா, பின்னால ஊரே வரும்.”

மண்டபம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. “எனது காணியைப் பொறுத்தவரை எனக்கு எவ்வித ஆட்சேபமும் இல்லை,” என்றேன்.

கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் ஓயும்போதே என் வாயிலிருந்து வந்த முதற்சொல் தவறென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் பகுதியில் வீடும் வயலும் பெண்வழியில் இறங்குவன. தாயிடமிருந்து மகளுக்கு. ஆண்பிள்ளை மணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போவான். நானும் மட்டக்களப்பு நகரத்திலிருந்து அப்படித்தான் களுவாஞ்சிக்குடிக்கு வந்தேன். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் கிடக்கும் அந்த வயல் என் மனைவிக்கு அவருடைய தாய் எழுதிக் கொடுத்தது. நாளைக்கு அது எங்கள் மகளுக்குப் போகும். இடையில் நான் அதன் வரம்பில் நடக்கலாம், அதன் அரிசியைச் சாப்பிடலாம். ‘எனது’ என்று சொல்ல முடியாது. இதை இங்கே பள்ளிக்கூடம் போகாதவரும் அறிவார். நான் தவறியதற்குக் காரணம் என் உத்தியோகம். நான் சேவையில் சேர்ந்த காலத்துப் பழைய வரிச் சட்டத்தில் மனைவியின் வருமானம் கணவனின் வருமானத்தோடு சேர்த்தே கணிக்கப்பட்டது. அந்தச் சட்டம் போய் எவ்வளவோ காலமாகியும், மனைவியின் வயலை என் பெயரின் கீழ் எண்ணும் பழக்கம் என் தலைக்குள் எங்கோ கிடந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது என் மைத்துனரின் மோட்டார் சைக்கிள் வாசல் படலைக்குள் நின்றது. என் மனைவியின் தம்பி. அந்த வயல் இருக்கும் வட்டையின் விதானையும் அவர்தான். வட்டை என்பது ஒரே நீர்வழியில் தொடர்ந்து கிடக்கும் வயல்களின் தொகுதி. தண்ணீர், வேலி, மாடு ஆகிய மூன்றையும் பார்த்துக்கொள்ள விவசாயிகள் தெரிவு செய்பவர் விதானை. தமக்கையின் வயலையும் அவரே செய்விக்கிறார். என்னை நையாண்டி செய்வதைத் தம் பிறப்புரிமையாகக் கருதுபவர்.

“மச்சான், காணி குடுத்திட்டீங்களாம்?”

“கொள்கையளவில் இணக்கம் தெரிவித்தேன்.”

“கொள்கையளவில எத்தின ஏக்கர்?”

 குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த என் மனைவி சிரிப்பை அடக்குவது கேட்டது. அது எனக்குச் சிறிது ஆறுதலாக இருந்தது.

“அக்காட காணிய நீங்க குடுக்கலாமெண்டா,” என்று மைத்துனர் தொடர்ந்தார், “உங்கட பென்சன நான் ஆருக்காவது எழுதிக் குடுக்கட்டா?”

“தம்பி, நீ வீட்ட போ. மனிசன் களைச்சு வந்திரிக்கார்,” என்று என் மனைவி உள்ளிருந்து சொன்னார். பிட்டும் மீன்குழம்பும் வைத்தார்.   அடுத்த நாள் பின்னேரம் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிர்க் கதிரையில் அமர்ந்தார்.

“இஞ்ச பாருங்க. ஊருக்கெல்லாம் விளங்கப்படுத்தினீங்களே, அந்தச் சட்டத்த எனக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்களன்.”

“சட்டமூலம்,” என்றேன்.

“ஓம், அதத்தான்.”

எங்கள் மண வாழ்க்கையில் நான் எதையாவது வாசித்துக் காட்ட வேண்டும் என்று அவர் கேட்டது அதுவே முதற்தடவை. நான் வாசிப்பவன், அவர் வேலை செய்பவர் என்றே எங்கள் பின்னேரங்கள் பிரிந்திருந்தன. அன்றிலிருந்து தேநீருக்குப் பின் சாப்பாட்டு மேசையில் நான் வாசகம் வாசகமாக வாசிப்பேன். அவர் எதிரே இறால் உரிப்பார், அல்லது கீரை ஆய்வார். அரசாங்க வர்த்தமானித் தமிழை வீட்டுத் தமிழுக்குப் பெயர்ப்பது நான் எண்ணியதைவிடக் கடினமான வேலை. பாதி உரித்த இறாலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்கும் கேள்விகளுக்குத் தப்பிய சொல் எதுவும் இருக்கவில்லை.

“‘உற்பத்தியாளர்’ எண்டா ஆர்?”

“மின்சாரம் உற்பத்தி செய்பவர். காணி கொடுத்து அதில் பங்கும் எடுத்தால் நீரும் ஓர் உற்பத்தியாளராகக் கொள்ளப்படுவீர்.”

“நான் இப்பவும் உற்பத்தியாளர்தானே. நெல்லுக்கு.”

“நெல் இந்தச் சட்டமூலத்தின் வரையறைக்குள் வராது.”

“பாவம் நெல்லு,” என்றார், இறாலின் தலையைக் கிள்ளிப் பூனைக்குப் போட்டபடி.

வரிகள் பற்றிய பகுதிக்கு வந்தபோது நான் நிமிர்ந்து அமர்ந்துகொண்டேன். அது என் துறை. குத்தகை வருமானத்துக்கான விலக்கையும், இறக்குமதி வரி நீங்குவதால் சிறிய முதலீட்டாளருக்குக் கிடைக்கும் வசதியையும் உதாரணங்களோடு விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார்.

“எத்தினையோ வருசமா வரி கட்டுங்க, வரி கட்டுங்க எண்டு சனத்த ஏசினீங்க. இப்ப வரி இல்லாட்டி நல்லமெண்டு மேடையில நிண்டு சொல்றீங்க.”

“நான் எவரையும் ஏசவில்லை. அறிவித்தல் அனுப்பினேன்.”

“உங்கட அறிவித்தல் ஏச்சவிடப் பொல்லாது. சனம் சாமிக்கு நேர்த்தி வச்சுப்போட்டுத்தான் கடிதத்த உடைக்கிற எண்டு எண்ட அம்மா சொல்லுவா.”

இதை அவருடைய தாய் இறந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகு அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையில், ஒரு வகைப் பெருமிதமே வந்தது.

பின்னொரு நாள் வளாகம் பற்றிய வாசகத்துக்கு வந்தோம். உரிமம் பெற்றவர் காணியைச் சுற்றி வேலியடைத்தல் வேண்டும். அவ்வாறு வேலியடைக்கப்பட்ட வளாகத்துள் அவரின் எழுத்துமூல அனுமதியின்றி எவரும் பிரவேசித்தல் தவறாகும். நான் வாசித்து முடித்து அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனேன்.

“பொறுங்க. எவரும் எண்டா?”

“எவரும்.”

“நானும்?”

பென்சிலைக் கீழே வைத்தேன். “ஆம். நீரும்.”

“எவ்வளவு காலத்துக்கு?”

“குத்தகைக் காலம் முடியும்வரை. அதன் முடிவை நாம் இருவரும் காண மாட்டோம்.”

அவர் கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தார். தண்டு முடிந்த பின் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “நான் மாட்டனெண்டா உங்கட முகம் போயிரும். அதுதான் யோசிக்கிறன்.”

அவ்வளவுதான் விடயம். அவர் கையொப்பமிட்டால் தன் தாய் தந்த வயலுக்குள் தன் காலத்தில் இனி ஒருபோதும் இறங்க முடியாது. இடாவிட்டால் நான் சபையில் கொடுத்த சொல் விழும். ஊரில் என்னிடம் இருப்பது அந்தச் சொல் ஒன்றுதான். நான் வந்தேறிய மாப்பிள்ளை. எனக்கு இங்கே காணியும் இல்லை, கோயிலில் முதல் மரியாதைக்குரிய குடிவழியும் இல்லை. சொன்னதைச் செய்பவர் என்ற பெயரை மாத்திரம் நான் சம்பாதித்திருந்தேன். அதை அவர் அறிவார்.

“என் முகத்தை நான் பார்த்துக்கொள்வேன்,” என்றேன். “நீர் உமது காணியைப் பற்றி யோசியும்.”

“ரெண்டும் ஒரு வீட்டுக்குள்ளதானே கிடக்கு,” என்றார் அவர்.

காணியைப் பார்க்க வேண்டும் என்று ஏறாவூர்க்காரர் தொலைபேசியில் கேட்டார். வெயில்காலச் சிறுபோக நெல் வெள்ளாமை பால் பிடித்திருந்த சமயம். அவர், என் மனைவி, மைத்துனர், நான் என நால்வரும் குருமண்வெளித் துறையில் பாதை ஏறினோம். பாதை என்று நாங்கள் சொல்வது மனிதரையும் மோட்டார் சைக்கிளையும் சில வேளை மாட்டையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை. ஏறாவூர்க்காரர் என் மனைவிக்கு மரியாதையாக இடம் விட்டு நின்றார்.

“அக்கா, சேர் முந்தி எனக்குத் தந்த கரச்சல் தெரியுமா? எண்ட கடைத் தராசையே நம்பல்ல. ரெண்டு தரம் நிறுக்கச் சொன்னவர்.”

“என்னையும் நம்புற இல்ல, தம்பி. தேத்தண்ணிக்குச் சீனி போட்டனா எண்டு ரெண்டு தரம் கேப்பார்.”

“தராசில குறை இருந்ததா, இல்லையா?” என்று நான் கேட்டேன்.

“இருந்ததுதான் சேர்,” என்று அவர் சிரித்தார். மைத்துனர் பாதையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

வயலில் நான் சப்பாத்தோடு வரம்பில் தயங்கித் தயங்கி நடந்தேன். என் மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் போய்விட்டார். வீட்டில் மூட்டு நோவென்று எண்ணெய் தடவுபவர் அங்கே ஒரு தடவைகூட நிற்கவில்லை. வரம்பில் தண்ணீர் அடுத்த வயலுக்கு இறங்குவதற்கு வெட்டிவிட்ட வக்கடை ஒன்றில் சேறு அடைத்திருந்தது. போகிற போக்கில் குதிக்காலால் அதைத் தள்ளிவிட்டார். தண்ணீர் கீழ்வயலுக்குள் ஓடியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மாத்திரம் நின்று பார்த்தேன். இவ்வளவு காலம் ஒரு வீட்டில் வாழ்ந்தும் அந்தக் கால் அப்படி அசைவதை நான் கண்டதில்லை.

ஏறாவூர்க்காரர் கைத்தொலைபேசியில் நாற்புறமும் படமெடுத்தார். மரமில்லை, நிழலில்லை, நல்ல இடம் என்று மெச்சினார். மண் போட்டு உயர்த்தி, வரம்பை மட்டமாக்கி, முழுவதும் தாங்களே செய்து தருவார்கள் என்றார்.

“உயத்தினா, கீழ்வயலுகளுக்குத் தண்ணி எங்கால போற?” என்று என் மனைவி கேட்டார்.

“அதுக்குச் சட்டத்தில ஏதாவது வழி வச்சிரிப்பாங்க அக்கா. சேர் முழுக்கப் படிச்சவர். சேர் சொல்லுவார்.”

மூவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்தப் பிரதியின் ஒவ்வொரு பக்கமும் மனப்பாடம். “அதைப் பற்றிச் சட்டமூலத்தில் எதுவும் இல்லை,” என்றேன். “இப்போது அதைக் கவனிக்கும் அனுமதியைத்தான் அவர்கள் நீக்குகிறார்கள். நீக்குவதில் எனக்கு உடன்பாடு. ஆனால் நீக்கிய இடத்தில் வேறொன்றையும் வைக்கவில்லை.”

ஏறாவூர்க்காரர் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார். “அவசரமில்ல சேர். அக்காட மனசுதான் முக்கியம்,” என்றார். அவரை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். தராசு விடயம் வேறு.

ஆனால் காலம் பொறுக்கவில்லை. மழைக்காலப் பெரும்போகத்துக்கான ஆரம்பக் கூட்டம் வந்தது. போகம் தொடங்குமுன் வட்டைக்காரரும் அரசாங்க உத்தியோகத்தர்களும் கூடி, எப்போது உழுவது, எப்போது மாடுகளை வெளியேற்றுவது, எப்போது குளத்துத் தண்ணீரைத் திறப்பது என்று தீர்மானிக்கும் கூட்டம் அது. யார் செய்கை பண்ணுகிறார், யார் விடுகிறார் என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும்; அதன்படிதான் வாய்க்கால் வேலை பிரிப்பார்கள். என் மனைவிக்காக அவருடைய தம்பியே எப்போதும் பேசிவிடுவார். இந்தத் தடவை என் மனைவி தாமே வருவதாகச் சொன்னார். நானும் வருவேன் என்றேன். என் எண்ணம் தெளிவாக இருந்தது: எழுந்து நின்று, நான் கொடுத்த சொல்லை நானே மீளப் பெறுவது. அதற்குரிய வாக்கியங்களை முந்திய பின்னேரமே மனத்தில் அமைத்துவிட்டேன். சலவை செய்த வெள்ளைச் சேட்டொன்றை அணிந்தேன். என் மனைவி அதைப் பார்த்தார்.

தகரக் கூரை போட்ட கட்டடம். உள்ளே சனம் நிறைந்திருந்தது. ஓய்வூதியர் சங்கத்தில் நான் பேசியது எல்லாருக்கும் தெரியும். சிலர் வணக்கம் சொன்ன விதத்திலேயே அது தெரிந்தது. மைத்துனர் விதானை என்ற முறையில் முன்னால் நின்று ஒவ்வொரு காணியாகக் கூப்பிட்டார். எங்கள் வயலின் முறை வந்ததும் நான் எழுவதற்காகக் கதிரையின் கையைப் பற்றினேன். என் முழங்கால் மெதுவானது. பெண்கள் பக்கத்தில் என் மனைவி அதற்குள் எழுந்துவிட்டார்.

“எண்ட வயல் இந்தப் போகமும் வெள்ளாமைதான்,” என்றார்.

தலைமை வகித்த உத்தியோகத்தர் குழப்பத்தோடு என் பக்கம் பார்த்தார். “அப்ப ஐயா அண்டைக்குச் சொன்னவரே, சோலாருக்கு…”

“அவர்தான் சட்டத்த ஆதியோட அந்தமா எனக்கு வாசிச்சுக் காட்டினவர்,” என்றார் என் மனைவி. “வாசிக்காம இருந்தா நான் கையெழுத்து வச்சிரிப்பன். வாசிச்சாப் பொறகு எனக்குச் சரிவரல்ல. அவர் மறிக்கவுமில்ல, தள்ளவுமில்ல.”

சபையில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. அது என்னைக் கேலி செய்யும் சிரிப்பல்ல. அவர் என் பிழையை நன்றாக மூடிவிட்டார். நான் அப்படியே அமர்ந்திருந்தால் என் பெயருக்கு ஒரு கீறலும் விழுந்திராது. மனைவிக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்த கண்ணியவான் என்று நான்கு பேர் புகழ்ந்தும் இருப்பார்கள். ஆனால் பிழையான பதிவை அப்படியே விட்டுவிட்டுப் போகும் பயிற்சி எனக்கில்லை. எழுந்தேன்.

“ஒரு திருத்தம்,” என்றேன். “அந்தக் காணியை ‘எனது’ என்று நான் சபையில் குறிப்பிட்டேன். அது என்னுடையதன்று. என் மனைவியினுடையது. அதைக் கொடுப்பதற்கோ மறுப்பதற்கோ எனக்கு உரித்தில்லை. அன்று நான் சொன்னதை வாபஸ் பெறுகிறேன். சட்டமூலத்தைப் பற்றி நான் சொன்னதை வாபஸ் பெறவில்லை.”

 மைத்துனர் தொண்டையைச் செருமினார்.

“இதச் சொல்லத்தான் வெள்ளச் சேட்டா, மச்சான்?”

கட்டடமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஆனால் அமர்ந்தபோது என் உடல் இலேசாக இருந்ததை மறுக்க முடியாது.

திரும்பி வரும்போது பாதையில் என் மனைவி வாவியையே பார்த்துக்கொண்டு வந்தார். நடு வாவியில் திரும்பினார்.

“நான் எவ்வளவு பக்குவமாச் சொன்னன். நீங்க எழும்பி எல்லாத்தையும் திறந்து விட்டிட்டீங்க.”

“உண்மை அதுதானே.”

“உண்மைதான். அது தெரியாமலா நான் மறைச்சன்?” மீண்டும் வாவியைப் பார்த்தார். பின்பு, “நல்லாத்தான் சொன்னீங்க,” என்றார். என் சேட்டின் கைப்பக்கம் பாதைக் கம்பியின் துரு பட்டிருந்தது. சேலைத் தலைப்பால் அதைத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

காரியம் அத்தோடு முடியுமென்று நினைத்தேன். சில நாட்களில் மைத்துனர் வந்து, நையாண்டி எதுவுமின்றி, படலைக்கு வெளியிலேயே நின்றார். வட்டையில் வேறு சிலரிடமும் காணி கேட்கிறார்களாம். சிலருக்குக் கொடுக்க விருப்பம், சிலருக்குப் பயம், எவருக்கும் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.

“அக்காவுக்கு வாசிச்ச மாதிரி எங்களுக்கும் ஒருக்கா வாசிக்க ஏலுமா, மச்சான்?” என்றார். “பேச்சு வேணா. வாசிச்சாக் காணும்.”

அதே தகரக் கூரையின் கீழ் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அமர்ந்தேன். குறிப்புகள் கொண்டு போகவில்லை. பிரதியில் இன்னும் இறால் மணம் இருந்தது. ஏறாவூர்க்காரரும் வந்திருந்தார், தாமும் முழுவதும் வாசித்ததில்லை என்று ஒப்புக்கொண்டு முன்வரிசையிலேயே அமர்ந்தார். முதல் வாசகத்தை வாசித்து, வீட்டுத் தமிழில் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாவதை வாசித்தேன். எவரும் வாய் திறக்கவில்லை. படித்தவன் வாசிக்கும்போது குறுக்கே பேசுவது மரியாதையல்ல என்று அவர்கள் கருதியிருக்கலாம். நான் மூன்றாவதற்குப் போக வேண்டியிருந்தது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது.

“ஐயா, ஒரு கேள்வி. குத்தகைக் காசுக்கு வரியில்லையெண்டு எழுதினா, பொறகு வாற அரசாங்கம் அத மாத்தேலாதா?”

சாப்பாட்டு மேசையில் இந்தக் கேள்விக்கு ஒரு பின்னேரம் முழுவதும் நான் பதில் சொல்லியிருக்கிறேன். பதில் அவருக்கு என்னைப் போலவே தெரியும். என்னை ஐயா என்று அவர் அழைத்ததும் வாழ்நாளில் அதுவே முதற்தடவை.

“மாற்றலாம், அம்மா,” என்றேன். “ஒரு பாராளுமன்றம் கொடுத்த வரிவிலக்கை இன்னொரு பாராளுமன்றம் எடுக்கலாம்.”

ஆண்கள் பக்கத்தில் ஒருவர் கையை உயர்த்தினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். அதன்பின் ஒரே நேரத்தில் மூவர். ஏறாவூர்க்காரர் எழுந்து, தமக்கும் ஒன்று கேட்க வேண்டும் என்றார். பிரதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்காகப் பதில் சொல்லத் தொடங்கினேன். மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டியும் நாங்கள் மூன்றாம் வாசகத்துக்குப் போகவில்லை.